இரண்டு நிரப்பிகள்

ஒற்றை எழுத்தைப் பார்த்து வயிற்றில் புளி கரையும் என்று யாராவது சொல்லியிருந்தால், "போய் வேலையைப் பாரு" என்றிருப்பேன். கரைந்தது. K என்ற எழுத்து. ஒரு திங்கட்கிழமை மத்தியானம், தேனியில் நான் பாடம் நடத்தும் கல்லூரியின் கணிதத் துறை அறையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தவளுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை எனக்கு வைவா. வகுப்பும் எடுத்துக்கொண்டு, விடைத்தாளும் திருத்திக்கொண்டு, மிஞ்சிய நேரத்தில் பல வருடமாக எழுதிய முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி வாய்மொழித் தேர்வு. வெளியூர்த் தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று அறிக்கையும் அனுப்பியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் நேரில் வந்து, நாலு பேர் முன்னால் கேள்வி கேட்டு, பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் இடமில்லை என்று நிர்வாகம் வேறு சொல்லியிருந்தது.

எங்கள் பக்கம் வைவாவை யாரும் தேர்வாக நினைப்பதில்லை. அது ஒரு விசேஷம். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்று விதி இருக்கிறது. சொந்தக்காரர்கள் சும்மா விடுவார்களா? வேன் பிடித்து வருவார்கள். ஒரு வார்த்தை விளங்காமல் பட்டுச்சேலையோடு உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள், முடிந்ததும் கைதட்டுவார்கள். தேர்வாளருக்குச் சால்வை, வந்தவர்களுக்கு லட்டும் மிக்சரும், அப்புறம் சாப்பாடு. முடிவு தெரியும் முன்னாலேயே சமையலுக்குச் சொல்லியாகிவிடும். தேனி பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் அண்ணன் இன்னும் ஒரு படி மேலே போய், பழனிசெட்டிபட்டியில் எங்கள் தெருமுனையில் என் படத்தோடு 'டாக்டர்' என்று பெரிதாகப் போட்டு ஃபிளெக்ஸே வைத்துவிட்டான். கழற்றச் சொன்னேன். "வெக்கப்படுற மூஞ்சியப் பாரு" என்று கேலி செய்துவிட்டுப் போனான்.

நான் எழுதியது விரிவு மாட்யூல்களைப் பற்றி. சரியாகச் சொன்னால், அவற்றைத் தளர்த்திப் பொதுமைப்படுத்துவதைப் பற்றி. ஓடிவிடாதீர்கள். வேனில் வந்த சனத்துக்குச் சொல்வதற்காக நான் தயார் செய்து வைத்திருந்ததையே சொல்கிறேன். மாட்யூல் என்பதை ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் பல துண்டுகள். சில துண்டுகள் மட்டும் மிச்சத்திலிருந்து சுத்தமாகப் பிரிந்து நிற்கும்: இதுவும் ஒரு முழுத் தோட்டம், மிச்சமும் ஒரு முழுத் தோட்டம், இரண்டையும் சேர்த்தால் பழையது. அப்படிப்பட்ட துண்டைக் கூறு என்போம். அடுத்தது நிரப்பி. ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, அதைத் தொடாமல் எவ்வளவு பெரிதாக இன்னொரு துண்டை வளைக்க முடியுமோ அவ்வளவு வளைத்தால், அது முதல் துண்டின் நிரப்பி. விரிவு மாட்யூலில் எந்த நிரப்பியை எடுத்தாலும் அது கூறாக இருக்கும். இது ரொம்பக் கறாரான நிபந்தனை. அதனால் எங்கள் துறையில் தளர்த்திப் பார்த்தார்கள்: எல்லா நிரப்பியும் வேண்டாம், ஒவ்வொரு துண்டுக்கும் ஏதாவது ஒரு நிரப்பி கூறாக இருந்தால் போதும். நான் அதையும் தளர்த்தினேன்: எல்லாத் துண்டுக்கும்கூட வேண்டாம், ஒரு குறிப்பிட்ட வகைத் துண்டுகளுக்கு இருந்தால் போதும்.

ஒரே ஒரு விஷயத்தை மறக்கக்கூடாது. ஒரு துண்டுக்கு நிரப்பி ஒன்றே ஒன்று இல்லை. தாளின் நடுவில் புள்ளி வைத்து அதன் வழியாக ஒரு கோடு போடுங்கள். அந்த ஒரு புள்ளியில் தொடுவது கணக்கில்லை; அதன் வழியாகப் போகும் வேறு எந்தக் கோடும் முதல் கோட்டுக்கு நிரப்பிதான். இதை நான் ஒவ்வொரு வருடமும் முதுகலை வகுப்பில் மேசையைத் தட்டித் தட்டிச் சொல்வேன்.

என் மூன்றாம் அத்தியாயத்தின் தேற்றம் இதுதான்: நான் வரையறுத்த குணம் ஒரு தோட்டத்துக்கு இருந்தால், அதன் ஒவ்வொரு கூறுக்கும் அதே குணம் வந்துவிடும். பின்னால் வருகிற பாதிக்கு மேல் இதை நம்பித்தான் நின்றது.

அந்தத் திங்கட்கிழமை நான் செய்துகொண்டிருந்தது வெறும் அலங்கார வேலை. நிரூபணத்தைத் திரையில் காட்டும்போது, பொத்தானைத் தட்டத் தட்ட ஒவ்வொரு வரியாக வரும்படி வைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வேட்டில் அது ஒரே பத்தி; படிக்கிறவர் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். திரையில் அப்படி இல்லை. தட்டினேன்: தோட்டத்தை இரண்டு கூறாகப் பிரித்து, ஒரு கூறுக்குள் இருக்கும் துண்டை எடுத்தால், அதற்குக் கூறாக இருக்கும் ஒரு நிரப்பி உண்டு, அதை K என்போம். தட்டினேன்: மற்றக் கூறு முழுவதையும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கும் ஒரு நிரப்பியும் இந்தத் துண்டுக்கு உண்டு. தட்டினேன்: ஆகவே K மற்றக் கூறை உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவேயா? எப்படி ஆகவே? முதல் வரியில் வந்தது ஒரு நிரப்பி. இரண்டாம் வரியில் வந்தது வேறொரு நிரப்பி. இரண்டையும் ஒரே ஆள் என்று நினைத்து ஒரே பெயர் வைத்திருக்கிறேன். முதுகலைப் பிள்ளைகளை எந்தத் தப்புக்காகத் திட்டினேனோ, அதே தப்பு. ஐயோ என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர் "என்ன மேடம், கரண்ட் ஷாக்கா?" என்றார். தலையை ஆட்டினேன்.

நிரூபணம்தானே தப்பு, தேற்றம் சரியாக இருக்கலாமே என்று செவ்வாய்க்கிழமை முழுவதும் வேறு வழி தேடினேன். விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் போனாலும் அதே இடத்தில் வந்து முட்டியது. சாயங்காலம் காபி போட எழுந்தவள், அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன். கோளம் ஞாபகம் வந்தது.

அது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம். பந்து முழுக்க முடி இருந்தால், அதைச் சுழி இல்லாமல் படியச் சீவ முடியாது. எங்காவது ஒரு சுழி விழுந்தே தீரும். அந்தக் கோளத்திலிருந்து ஒரு மாட்யூல் கிடைக்கும். முழு மாட்யூலுக்குத் தளர்த்திய குணம் உண்டு. அதன் ஒரு கூறு, கோளத்தை ஒட்டினாற்போல் படுத்திருக்கும் திசைகளால் ஆனது. அந்தக் கூறை மேற்கொண்டு பிரிக்க முடியாது. பிரிந்தால் பந்தைச் சுழியில்லாமல் சீவியதாக ஆகிவிடும். பிரியாத ஒன்றுக்குள் கூறான நிரப்பிக்கு எங்கே போவது? பழைய குணம் கூறுகளுக்கு இறங்காது என்று காட்ட, இதே உதாரணத்தை நானே என் முதல் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். எழுதிவிட்டு, என் குணத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை என்று ஜம்பமாக ஒரு வரியும் சேர்த்திருந்தேன். இப்போது பால் பொங்கி வழிய வழிய, என் வகைத் துண்டு அந்தக் கூறுக்குள் இருக்கிறதா என்று மனசுக்குள் பார்த்தேன். இருந்தது. தேற்றம் பொய்.

அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வேன், சாப்பாடு, சால்வை, தெருமுனையில் சிரித்துக்கொண்டிருக்கும் என் படம், எல்லாம் ஒன்றாக வந்து கழுத்தைப் பிடித்தன. செத்துப்போய்விட்டால் தேவலை என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை காலையில் என் நெறியாளரிடம் போனேன். கெட்டிக்கார அம்மாள். அவரைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே உள்ளுக்குள் உதறும். கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். அவர் கடைசி வரிவரை படித்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேற யாருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல மேடம்."

"ரெண்டு எக்ஸாமினரும் சரின்னு எழுதிட்டாக. நீயா ஏன் கிளறுற? நாளைக்கு அவுக கேக்கலன்னா விட்டுரு. பட்டம் வந்தப்புறம் திருத்தி ஒரு பேப்பராப் போட்டுக்கலாம்."

"கேட்டுட்டாகன்னா மேடம்?"

"கேக்க மாட்டாக" என்றார். அவர் குரலிலும் பயம் இருந்தது. அவரும் பயப்படுவார் என்பது எனக்குத் தெரியாது. அது என்னை இன்னும் அதிகமாகப் பயமுறுத்தியது. சரி மேடம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். உண்மையில் அப்போது எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. யாரோ முடிவெடுத்துவிட்டார்கள் என்ற நிம்மதி.

தேர்வாளர் கேரளத்துக்காரர். லோயர் கேம்ப் மின்நிலையத்தில் வேலை பார்க்கும் ஒரு உறவினர் வீட்டுக்கு முந்தின நாளே மலையிறங்கி வந்து தங்கியிருந்தார். அவரைக் கூட்டிவருவது, எங்கள் வழக்கப்படி, ஆய்வு மாணவியின் பொறுப்பு. வியாழக்கிழமை விடிந்ததும் அண்ணன் காரை எடுத்தான். நெற்றி நிறைய விபூதி, புது வேட்டி. கால்வாய் ஓரத்தில் பை ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒல்லியாக ஒரு மனிதர் நின்றார். முன் சீட்டில் ஏறினார். நான் பின்னால், மடியில் ஆய்வேட்டோடு.

அண்ணனுக்கு வாய் சும்மா இருக்காது. "சார், எங்க தங்கச்சி என்னமோ பிரிக்கிறது சேக்கிறதுன்னு எழுதியிருக்காளாம்ல? நாங்க சொத்துல செய்யிறத இவ பேப்பர்ல செய்யிறா போல."

அவர் சத்தமாகச் சிரித்தார். "அது செரிதான். சொத்துல சண்டை வரும். இதுல வராது, அவ்வளவுதான்."

கூடலூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "மூணாவது அத்தியாயம் வாசிச்சப்போ எனக்கு நல்ல சந்தோஷம், கேட்டோ. என்கிட்ட ஒரு ஸ்டூடண்ட் உண்டு. நல்ல பெண்குட்டி. அந்தத் தேற்றத்தை வச்சுத்தான் அவளுக்கு ப்ராப்ளம் கொடுத்திருக்கேன். கொஞ்ச நாளா உங்க தேற்றத்து மேலதான் அவ வீடு கட்டிட்டிருக்கா."

கேட்டுவிடுவாரோ என்றுதான் அதுவரைக்கும் பயந்திருந்தேன். இவர் கேட்கப் போவதில்லை, நம்பிவிட்டார். நம்பி, இன்னொரு பெண்ணையும் அதன் மேல் ஏற்றிவிட்டிருக்கிறார். "சார்" என்றேன். "எந்தா?" என்று திரும்பினார். "ஏசியக் குறைக்கச் சொல்லவா சார்?" என்று கேட்டேன். தூ என்று என்னையே துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. வழியெல்லாம் அந்தப் பெண்ணைத்தான் நினைத்தேன். அவளும் ஒருநாள் ஒரு பொத்தானைத் தட்டுவாள். அவளுக்கும் குப்பென்று வியர்க்கும். அது என் தப்பு என்று தெரியாமல் தன் தப்பு என்று நினைப்பாள். வீரபாண்டி வந்ததும் அண்ணன் வேகத்தைக் குறைத்து, கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "கும்பிட்டுக்க புள்ள, நல்லபடியா முடியணும்னு" என்றான். கையைக் கூப்பினேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

கூடம் நிறைந்திருந்தது. முன் வரிசையில் அம்மா, பக்கத்தில் சித்திமார்கள். கம்பத்துப் பக்கம் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களையும் அம்மா கூட்டிவந்திருந்தாள். நெறியாளர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். நினைவிருக்கட்டும் என்று அர்த்தம். தோட்டம், துண்டு, கூறு, நிரப்பி என்று சொல்லிக்கொண்டே போனேன். குரல் யாருடையதோ மாதிரி கேட்டது. மூன்றாம் அத்தியாயம் வந்தது. தேற்றம் திரையில் விழுந்தது. அடுத்த வரிக்குத் தட்ட வேண்டும். கட்டைவிரல் அசையவில்லை.

"இந்தத் தேற்றம் தப்பு" என்றேன்.

தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன சொன்னீங்க?"

"தப்பு சார். திங்கக்கிழமைதான் கண்டுபிடிச்சேன். இங்கன ரெண்டு நிரப்பி இருக்கு. ரெண்டையும் ஒண்ணுன்னு எழுதிட்டேன். நிரூபணம் மட்டும் இல்ல, தேற்றமே நிக்காது. கோளம் இதை உடைச்சிருது."

பலகைக்குப் போய் வட்டம் போட்டேன். சனம் மிரண்டுபோய்ப் பார்த்தது. அவர்களைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்ததால், பந்து முழுக்க முடி இருந்தால் சுழி விழாமல் சீவ முடியாது என்பதை அவர்களுக்கும் சொன்னேன். "ஆமா, சுழி இல்லாத தல எங்கன இருக்கு?" என்றாள் சின்னச் சித்தி. நாலைந்து பேர் சிரித்தார்கள். தேர்வாளர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து சாக்பீஸை வாங்கி, ஒவ்வொரு வரியாகத் தானே எழுதிப் பார்த்தார். கடைசி வரியில் நிறுத்தினார்.

"நீங்க சொல்றது செரி" என்றார். "நான் இதைக் கவனிக்கலை. வாசிச்சேன், கவனிக்கலை." எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

ஒரு கூடுதல் நிபந்தனை போட்டால் தேற்றத்தில் ஒரு பகுதி பிழைக்கும் என்று சொல்லி அதையும் எழுதிக் காட்டினேன். பிறகு, முறைப்படி, அவரும் நெறியாளரும் மட்டும் உள்ளே இருக்க, நாங்கள் எல்லோரும் வெளியே அனுப்பப்பட்டோம். கதவு சாத்தப்பட்டது.

வராண்டாவில் சாம்பார் வாசனை வந்துகொண்டிருந்தது. அண்ணன் சுவரைப் பார்த்து நின்றான். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சொல்லாம இருந்தா என்ன ஆயிருக்கும் ஆத்தா?"

"ஒண்ணும் ஆயிருக்காதும்மா. பட்டம் குடுத்துருப்பாக."

"அப்புறம் எதுக்குடி சொன்ன?"

காரில் கேட்ட அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டாள். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. பிடியை மட்டும் விடவில்லை. அவள் கையும் சில்லிட்டுப் போயிருந்தது.

கதவு திறந்தது. நெறியாளரின் கண்கள் சிவந்திருந்தன. தேர்வாளர் நின்றுகொண்டே சொன்னார்: இன்றைக்குப் பரிந்துரைக்க முடியாது. அந்தத் தேற்றத்தையும் அதை நம்பி நிற்கும் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிழைப்பதை மட்டும் எழுதித் தர வேண்டும். படித்துப் பார்த்துத் திருப்தியானால் அப்போது பரிந்துரைப்பேன். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் சனம் முழித்தது. வேலை என்ன ஆகும், அடுத்த வருடம் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவர் தன் கைப்பேசியை எடுத்து யாரையோ அழைத்தார். மலையாளத்தில் இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் நீட்டினார். "என் ஸ்டூடண்ட். நீங்களே சொல்லுங்க. அதுதான் மரியாதை."

வாங்கினேன். கம்பத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு மலையாளம் புரியும், பேச வராது. எனக்கு வந்த தமிழில், மூன்றாம் அத்தியாயத் தேற்றம் தப்பு, முதல் நிரப்பியும் இரண்டாம் நிரப்பியும் வேறு வேறு, மன்னித்துவிடு என்று சொன்னேன்.

பிறகு அந்தப் பெண் பேசினாள். மலையாளத்தில், மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்று நிறுத்தி நிறுத்தி. "சேச்சி, அந்த இடம் எனக்கு மட்டும் விளங்கவே இல்லை. சாருக்கு விளங்கியிருக்கு, உங்களுக்கு விளங்கியிருக்கு, எனக்குத்தான் மூளை இல்லைன்னு நினைச்சேன். நாளைக்கு சார்கிட்ட சொல்லிட்டுப் படிப்பையே விட்டுட்டுப் போறதா இருந்தேன்."

அத்தனை சனத்துக்கும் முன்னால் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். யார் பேசுகிறார்கள், என்ன சொன்னார்கள் என்று அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"போயிராத தாயி" என்றேன் அந்தப் பெண்ணிடம். "நீ போயிராத."